ஆறாவது கேள்வி

ஆக்னஸுக்குச் சிறையில் உளவியல் ஆலோசகர் வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அச்சடித்த ஐந்து கேள்விகளைக் கைதியிடம் கேட்க வேண்டும். அவர் எவ்வளவு மனம் வருந்துகிறார் என்று அவர் மணிக்கட்டில் கட்டிய பட்டை நூற்றுக்கு மார்க் போடும். மூன்று தடவை எண்பதைத் தாண்டினால் விடுதலை. தாளில் ஆக்னஸ் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இதற்கா ஆறு வருஷம் படித்தோம் என்று முதல் வாரமே அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

அண்ணனை வெட்டிக் கொன்ற சீனிச்சாமி மூன்றாவது தடவையும் தொண்ணூற்றிரண்டு வாங்கினார். கண்ணீர் நிஜம்தான். ஆனால் அழும்போதெல்லாம் அவர் விரல்கள் காற்றில் எதையோ அவிழ்த்துக்கொண்டே இருந்தன. அது அவளை உறுத்தியது.

“மெஷினே சொல்லிருச்சு, உங்களுக்கு என்னம்மா சந்தேகம்?” என்றார் பக்கத்தில் நின்ற ஜெயிலர்.

ஆக்னஸ் பேனாவை மூடிவைத்துவிட்டு, தாளில் இல்லாததைக் கேட்டாள். “கையில என்ன அவுக்குறீங்க?”

“சங்கிலி மேடம். போலீஸ் என்னைக் கூட்டிட்டு வந்தப்ப என் நாய் கட்டிக் கிடந்துச்சு. வீட்ல வேற ஆளில்ல. பட்டினி கிடந்தே செத்துப்போச்சு.” அவர் குரல் உடைந்தது. பட்டை தொண்ணூற்றாறு காட்டியது.

“இப்ப உங்க அண்ணனை நினைச்சுப் பாருங்க.”

சீனிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தார். பட்டையில் நான்கு.

“அஞ்சு கேள்விக்குத்தான் மார்க்கு. இது சேராது, கையெழுத்தப் போடுங்க” என்றார் ஜெயிலர். “உங்க வேலை இன்னும் நிரந்தரமாகல.”

சீனிச்சாமி எழுந்து நின்று பணிவாகக் கேட்டார்: “அண்ணி இன்னும் அண்ணன் வீட்லயேதான் இருக்காங்களா மேடம்?”