வீடு பார்க்க வந்தவர்கள்

பெண்ணைப் பிடித்துவிட்டது. இனி வீடுதான். மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கட்டிவைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதனால் மாப்பிள்ளையின் உம்மா பரீதாவும் வாப்பா அலியாரும் வீடு பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணின் உம்மா றிபாயா முன்னால் நடந்தாள்.

“செருப்பக் கழட்ட வேணாம் மதினி. இது விறாந்தை. உள்ளுக்கு வாங்க, இது ஹோல்.”

“காத்து நல்லா வருகுது” என்றார் அலியார்.

“கடல் பக்கம்தானே காக்கா. இந்த அறை புள்ளைக்கும் மருமகனுக்கும். யன்னல் கிழக்கால.”

றிபாயாவின் குரலில் தடுமாற்றமே இல்லை. பரீதா சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசி மூலையில் நின்றாள்.

“குசினி சின்னன். ரெண்டு பேர் நிண்டு சோறாக்க ஏலாதே.”

“அதுக்கென்ன, இப்பவே பெருசாக்கிருவம்.”

றிபாயா கீழே கிடந்த கம்பை எடுத்தாள். மணலில் கீறியிருந்த கோட்டைக் காலால் அழித்து, இரண்டடி தள்ளிப் புதிதாகக் கீறினாள். சுனாமி வீட்டை வழித்துக்கொண்டு போன அந்த வெறும் வளவில் இருந்தவை, காலையில் அவள் கீறிய கோடுகள் மட்டும்தான்.

“வீடுதான் போச்சு மதினி, வளவு போகல்ல. கல்யாணத்துக்கு முதல் சுவர் எழும்பிரும்.”

அலியார் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெருமூச்சு விட்டபடி வீதியைப் பார்த்து நேராக நடக்கத் தொடங்கினார்.

பரீதா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சுவருக்குள்ளால எங்க போறீங்க? வாசலால வாங்க.”