பூட்டாத அலுமாரி

"அந்த ஒபிசருக்கு மன்னிப்பே கிடையாதம்மா. குடுக்கவும் கூடாது."

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஆரன் சொன்னான். அவனுடைய சீருடைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்த சந்திரமதி நிமிர்ந்து பார்த்தாள்.

ஆரன் சுவிஸ் விமானப்படையில் ஹெலிகொப்டர் ஓட்டுகிறான். கப்டன். அது போதாதென்று, இரண்டு வருடமாக இராணுவ நீதிமன்றத்தின் நீதிபதிகளில் ஒருவனும்கூட. அவர்கள் வசிக்கும் பாடன் நகரில் இதைச் சந்திரமதி சொல்லாத தமிழ்க் குடும்பம் பாக்கியில்லை. கோயில் ஐயருக்கே மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

"இண்டைக்கு அந்த வழக்கோ? என்ன செய்தவனாம்?"

"ஆமி குடுத்த பிஸ்டலை வீட்டு அலுமாரியில வைச்சிட்டுப் பூட்டாமல் விட்டிட்டான். இப்ப பிஸ்டலைக் காணேல்லை."

அயன் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"அம்மா, சட்டை!" என்று ஆரன் கத்திய பிறகுதான் அவள் அதைத் தூக்கினாள். நல்ல காலம், கருகவில்லை.

"விசர்ப் பழக்கம்!" என்று அவள் சீறினாள். "ஆமிக்காரனிட்டைத் துவக்கைக் குடுத்து, வீட்டை கொண்டு போய் வை எண்டு வேற எந்த நாட்டில சொல்லுவினம்? குசினிக்குள்ள சட்டி பானை, படுக்கிற அறையுக்குள்ள துவக்கு!"

"அது எங்களில வைச்ச நம்பிக்கையம்மா. வீட்டில வைக்கலாமோ எண்டு வாக்கெடுத்தவை. சனம் வைக்கலாம் எண்டுதான் சொன்னது. எனக்கும் அது சரியாத்தான் படுது. ஆனா வைச்சிருக்க உரிமை வேணுமெண்டா பூட்டி வைக்கிற பொறுப்பும் வேணும். பூட்டத் தெரியாதவனுக்கு என்னத்துக்குத் துவக்கு?"

சந்திரமதி இலேசில் விடுகிற ஆளா?

"வீட்டுச் சனம் ஆராவது பயத்தில எடுத்திருந்தா?"

"எடுத்த ஆளில ஒரு பிழையும் இல்லை."

"அப்பிடியெண்டா அவனை விடுங்கோவன்!"

"பூட்டாதவனிலதான் முழுப் பிழையும்."

அவள் அயனை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"நீ இங்க பிறந்தனி. உனக்கென்ன தெரியும்? அங்க ஊரில ஆமி சுத்தி வளைக்கிறானெண்டா, வீட்டு முத்தத்தில சுட்டு முடிஞ்ச ஒரு வெறும் சன்னக் கோது கிடந்தாலும் எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கிணத்துக்க போட்டிடுவம். அப்பிடி ஒரு கோதுக்காகத்தான் உன்ர மாமாவைக் கொண்டு போனவங்கள். வாசலில சீருடையைக் கண்டா எங்களுக்கு மூளை வேலை செய்யாது தம்பி. கைதான் வேலை செய்யும்."

ஆரன் கோப்பையைக் கீழே வைத்தான். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"தெரியுமம்மா," என்றான் மெதுவாக. "அதுக்காகச் சட்டத்தை வளைக்கேலாது."

"அவனுக்கு என்ன செய்வினம்?"

"தண்டனை நிச்சயம். ஆளும் பைலட். இனிப் பறக்க விடுவினமோ தெரியாது."

"ஐயோ, பைலட்டோ!" சந்திரமதி அவனருகே வந்தாள். "உன்னை மாதிரித்தானே அவனும் முறிஞ்சு முறிஞ்சு படிச்சு வந்திருப்பான்! ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாத்திவிடன். நீ சொன்னா மற்ற நீதிபதியள் கேக்க மாட்டினமோ?"

"போன வருசம் ஒரு சமையல்காரச் சிப்பாய் இதே பிழை விட்டவன். அவனுக்குத் தண்டனை குடுக்கத்தான் வேணுமெண்டு ஒற்றைக் காலில நிண்டது நான். பெடியன் அழுதழுது போனவன். சிப்பாய்க்கு ஒரு சட்டம், பைலட்டுக்கு ஒரு சட்டமோ? இண்டைக்கு இவனுக்கு இரங்கினா, நான் அந்தப் பெடியன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"கல்லு நெஞ்சடா உனக்கு!"

"உங்கட பிடிவாதம்தானே எனக்கும் வந்தது."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சூட்டோடு சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினான். தொப்பியை எடுத்தான். இந்தப் பிள்ளையின் மனதை இனி அந்தக் கடவுளாலும் மாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வாசலில் அவன் சப்பாத்துக் கட்டும்போது பின்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, உனக்கொரு விசயம் சொல்லவேணும். கன நாளாச் சொல்லப் பயந்துகொண்டு திரியிறன். போன மாசம் நீ வேலைக்குப் போன நேரம், கீழ்வீட்டுக்காரன்ர சைக்கிள் களவு போனதெண்டு பொலிஸ் வந்து எங்கட வாசல் மணியையும் அடிச்சவங்கள். எனக்கெண்டா கைகால்..."

"வேண்டாமம்மா!" அவன் சட்டென்று எழுந்தான். இவ்வளவு கடுமையாக அவன் அவளிடம் பேசியதே இல்லை. "இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. ஒரு சொல்லும் வேண்டாம். பின்னேரம் வந்து ஆறுதலாக் கேக்கிறன்."

"ஒரு நிமிசம் நிண்டு கேளன்ரா..."

"போட்டு வாறனம்மா."

கதவு சாத்திக்கொண்டது. தாய் சொல்வதைக் கேட்கக்கூட நேரமில்லாத பெரிய மனிதனாகிவிட்டானே என்று சந்திரமதிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நீதிமன்ற மண்டபத்தில் ஐந்து நீதிபதிகளும் வந்து அமர்ந்திருந்தார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"உங்கள் துப்பாக்கி பாடனில் ஓடும் லிமாட் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அதை எறிந்தது யார்? உங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், கப்டன் ஆரன்?"

குற்றம் சாட்டப்பட்டவரின் நாற்காலியிலிருந்து எழுந்து, ஆரன் விறைப்பாக நின்றான்.

"அம்மா மட்டும்தான். இதைப் பற்றி அவர் இந்த நிமிடம் வரை என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை."