சொந்தக் கை வேலை மட்டும்

"தீர்ப்பு முடியற வரைக்கும் கதவைத் திறக்க மாட்டாங்க ப்ரெண்டன். ஜன்னல் கண்ணாடியில மூக்கைத் தேய்ச்சுக்கிட்டு நின்னா மட்டும் உள்ள விட்ருவாங்களா?"

கைலி சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரி. போன வருஷம் இதே ஊர்க் கண்காட்சியில், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான, இலையுதிர்கால இலைகளில் மாலை கோக்கும் போட்டியில், அவள் மகன் ஜாஸ்பருக்குத்தான் நீல ரிப்பன். 'சொந்தக் கை வேலை மட்டும்' என்று விதியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஜாஸ்பரின் மாலையிலோ இலைக்கு இலை பிசிறில்லாத பட்டு முடிச்சு. மூன்றரை வயதுப் பையன் போட்ட முடிச்சு என்றால் ஊரில் ஒரு ஆடுகூட நம்பாது. நடுவர் நம்பினார்.

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை ப்ரெண்டனின் மகள் பிப்பா காரில் அழுதுகொண்டே வந்தாள். "நானே செஞ்சதாலதான் தோத்தேனாப்பா?" என்று கேட்டாள். இந்த வருஷமும் அவள் தோற்று, அதையே கேட்டுவிடக் கூடாது. அதனால்தான் ப்ரெண்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இந்தத் தடவையும் நீதானே கோத்தே?" என்றான் கைலியிடம்.

"நானா? ஊசியில நூலைக் கோத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

"அப்புறம் இலையில ஓட்டை போட்டுக் கொடுத்திருப்பே. அப்புறம் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருப்பே. ஜாஸ்பர் என்ன செஞ்சான், பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தின்னானா?"

"பேச்சைப் பாரு! உன் பொண்ணுக்கு நீ ஒண்ணுமே செய்யலையாக்கும்?"

"எப்படிக் கோக்கணும்னு ஒரே ஒரு மாலை செஞ்சு காட்டினேன். அவளோடதை நான் விரலால தொடல. அவ பார்க்கவே விடல."

உண்மைதான். பள்ளி விட்டு வந்ததும் பிப்பா தினமும் சர்க்கரைக் கட்டி எடுக்கும் இடுக்கியால் ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முட்டை அட்டையில் அடுக்குவாள். கொடியில் மேப்பிள் இலைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். எழுதப் பழகுமுன் விரலுக்கு வலு வர வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பிய பயிற்சிகள் அவை. இப்போதைக்கு அவளுக்கு எழுதத் தெரிந்தது 'பிப்பா', 'அப்பா' என்ற இரண்டு வார்த்தைகள்தான். மாலை கோக்க உட்கார்ந்தபோது மட்டும் அப்பாவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டாள். காலையில் காகிதப் பையைத் தானே தூக்கி வந்து, தானே உள்ளே கொடுத்துவிட்டும் வந்தாள்.

கதவு திறந்தது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனது. ப்ரெண்டன் பிப்பாவின் கையைப் பிடித்தபடி பின்னால் மாட்டிக்கொண்டான். இந்த வருஷம் புது நடுவர், மிஸஸ் பென்ரோஸ். மேஜையை மறைத்தாற்போல் முன்னால் வந்து நின்றார்.

"முப்பத்தொரு வருஷம் பாலர் பள்ளியில சின்னப் பிள்ளைங்க விரலையே பார்த்துக்கிட்டிருந்தவ நான். என்கிட்ட யாரும் காது குத்த முடியாது" என்று ஆரம்பித்தார். அம்மாக்கள் பலர் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள்.

"பதினாலு மாலை வந்திருக்கு. அதுல பன்னெண்டு, அம்மாமாருங்க செஞ்சது. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா உங்க எல்லாருக்கும் அஞ்சு வயசு தாண்டிடுச்சே, என்ன செய்ய?"

கூட்டம் சிரித்தது. கைலிக்கு முகம் சிவந்தது.

"இன்னொண்ணு, கடையில வாங்கின மாதிரி அவ்வளவு சுத்தமா இருக்கு. அதைச் செஞ்ச மனுஷராவது பொய் சொல்லல. பேர் அட்டையிலேயே 'அப்பா'ன்னு எழுதி அனுப்பியிருக்காரு!"

"எந்த வெக்கங்கெட்ட அப்பன்யா அது?" என்று கத்திவிட்டு, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான் ப்ரெண்டன்.

"மிச்சம் ஒண்ணே ஒண்ணு. இலையெல்லாம் பாதி கிழிஞ்சிருக்கு. ஓட்டை ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஓக் கொட்டை மூணு நசுங்கிப் போச்சு. ஆனா அந்த விரலுங்க எவ்வளவு பாடுபட்டிருக்குன்னு பாருங்க! இதுதான் குழந்தை கை. முதல் பரிசு, பிப்பா ஹார்ட்னெட்!"

ப்ரெண்டன் போட்ட கூச்சலில் வெளியே கட்டியிருந்த குதிரை ஒன்று கனைத்தது. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது, அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"பாத்துக்கோ கைலி, நேர்மைன்னா என்னன்னு பாத்துக்கோ! செல்லம், நீயே செஞ்சே, நீயே ஜெயிச்சே. போன வருஷம் கேட்டியே, இப்பத் தெரியுதா?"

பிப்பா அவன் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் விலகியது. மேஜைக்கு முன்னால் போய் நின்ற ப்ரெண்டனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. நீல ரிப்பன் தொங்கிய மாலையின் நுனியில், இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்னால் மடக்கி இறுக்கிய முடிச்சு. வேலி போடும் தொழில்காரன் கம்பிக்குப் போடும் முடிச்சு. இந்த ஊரில் வேலி போடுகிறவன் அவன் ஒருவன்தான்.

ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது மற்றொரு மாலை. மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் இலைகள், சின்னதிலிருந்து பெரியதாக, இலைக்கு ஒரு கொட்டையாகக் கோத்திருந்தன. அதன் அட்டையில் கோணல்மாணலாக 'அப்பா'.

தோளிலிருந்து குனிந்து, பிப்பா அவன் காதோரம் கிசுகிசுத்தாள்:

"உன்னோடது ரொம்பப் பாவமா இருந்துச்சுப்பா. தோத்துட்டா நீ அழுவியேன்னுதான் உன்னோடதுல என் பேரையும், என்னோடதுல உன் பேரையும் எழுதிட்டேன்."