இடம் விட்டுத் தைத்தது

வக்கீலின் மேசை வரை மதிய வெயில் வந்துவிட்டது. நாளை விடிந்தால் தம்பிக்குத் தூக்கு. இன்று நான்கு மணிக்குள் கடைசி மனு நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். துணி தைத்துப் பிழைக்கும் அக்கா, நாற்பது பக்கங்களையும் மேசையில் தட்டி அடுக்கி, வெள்ளை நூல் கோத்துத் தைக்கிறாள். “எழுத்து தையலுக்குள்ள போயிடாம கொஞ்சம் இடம் விட்டுத் தைங்கக்கா,” என்கிறார் வக்கீல், கடிகாரத்தைப் பார்த்தபடி. “அத நீங்க சொல்லணுமா? அவனுக்கு எப்பவும் விட்டுத்தான் தைப்பேன். வளர்ற பையன்.” சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள், தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். முதல் பக்கத்தில் அவன் பெயர் இருக்கும் இடத்தை, பள்ளிக்குக் கிளம்புகிறவனின் சட்டைக் காலரைப் போல உள்ளங்கையால் நீவிவிடுகிறாள். பிறகு இரண்டு கைகளாலும் வக்கீலிடம் நீட்டுகிறாள். “பத்திரமா கூட்டிட்டுப் போங்க.”