காலநிலை ஒத்துவராது

“சீனி போடாதேங்கோ, மாமி.”

“போட்டாச்சு.”

ஏழு மாதமாகக் காலை இப்படித்தான். ஆறரைக்குத் தேநீர். இரண்டு துண்டு கறுப்புப் பாண். ஆறு ஐம்பதுக்குச் சைக்கிள். கஜதீபனின் மனைவி நிரோஜினி இறந்தபோது இன்னொரு டேனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வந்த மாமி மனோரஞ்சிதம் பிறகு திரும்பிப் போகவில்லை. மகள் “முருகா” என்று சொல்லித்தான் கண்ணை மூடினாள் என்று இங்கே ஓகூஸ் நகரில் தெரிந்தவர் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தார். கஜதீபன் திருத்தவில்லை.

கைபேசி அதிர்ந்தது. அவன் வேலை செய்யும் அருங்காட்சியகத்தின் இயக்குநர் நீக்கிலாஸ் ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தார்.

“என்னவாம்?”

“மறுமொழிக் கடிதம், மாமி.”

“அந்த ஆபிரிக்க முரசுக்கோ? இந்த முறையாவது குடுக்கினமாமோ?”

முரசு அருங்காட்சியகத்தின் நிலவறையில் இருந்தது. முந்நூறு வருடங்களுக்கு முன் டேனிஷ்காரர்கள் கானாக் கரையில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். துவக்கும் சாராயமும் இறக்கினார்கள், பொன்னும் மனிதர்களும் ஏற்றினார்கள். அங்குள்ள அரசர்களும் சும்மா இருக்கவில்லை, அயலூர்க்காரரைப் பிடித்து விற்றுத் துவக்கு வாங்கினார்கள். வியாபாரம் பிசகிய ஒரு நாளில் கோட்டைத் தளபதி, அரசனின் முரசைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினான்.

கடந்த எட்டு வருடமாக அந்த அரச வம்சத்தின் அரண்மனை அதைத் திருப்பிக் கேட்டு எழுதியது. நீக்கிலாஸ் சொல்லச் சொல்ல, எட்டு வருடமும் மாட்டோம் என்று நயமாக எழுதிக் கொடுத்தது அருங்காட்சியக அலுவலகத்தில் வேலை செய்த நிரோஜினி. எழுதிய நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடமாட்டாள். அந்த முரசு வீடு போவதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்பாள். பார்க்கவில்லை.

“வாசியுங்கோ தம்பி, கேப்பம்.”

அவன் தமிழாக்கி வாசித்தான்.

“‘உங்கள் உணர்வுகளை மிகவும் மதிக்கிறோம்…’”

“அப்ப தரமாட்டினம்.”

“‘இப்பொருள் இன்று உலகத்துக்கே சொந்தம். ஆகவே எங்களிடமே இருப்பது நல்லது.’”

“உலகம் அவையின்ர வீட்டிலயோ இருக்கு?”

“‘உங்கள் நாட்டின் காலநிலை இதற்கு ஒத்துவராது.’”

“அங்க செய்த சாமானுக்கு அந்த நாட்டுக் காத்து ஒத்துவராதோ! பிறகு?”

“‘உங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளும் கவலை தருகின்றன. அண்மையில் உங்கள் தலைநகரத்தில் ஒரு பழம்பெரும் கட்டடமே எரிந்துபோனதை அறிவோம்.’”

“எங்கதான் எரியேல்லை? வாய் பாருங்கோவன்.”

“‘மேலும், இது அக்கால முறைப்படியே எங்கள் கைக்கு வந்தது.’”

“துவக்கை நீட்டி வாங்கிறதும் முறையாம்.”

“‘விரும்பினால் ஒரு நல்ல புகைப்படம் எடுத்து அனுப்புகிறோம்.’ அவ்வளவுதான், மாமி.”

மாமி கோப்பையை மேசையில் அடித்து வைத்தார். “வெக்கமில்லாத சனம். என்ர பிள்ளையும் இதைத்தானே எட்டு வருசம் எழுதிக் குடுத்தவள்.”

“ஓம். ஆனா இது நாங்கள் எழுதினதில்லை மாமி. அரண்மனையில இருந்து எங்களுக்கு வந்தது.”

“எங்களுக்கோ? நாங்கள் அவையளிட்ட என்ன கேட்டம்?”

“திறப்பு. கோட்டைத் திறப்பு.”

அந்தக் காலத்தில் ஒருமுறை அரசனின் ஆட்கள் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். பிறகு கோட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாவியைக் கொடுக்கவில்லை. அடுத்த மாதக் கண்காட்சிக்கு அருங்காட்சியகம் அதை இரவல் கேட்டிருந்தது. கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அழைப்பிதழ்கூட அச்சடித்தாகிவிட்டது. அட்டையில் பெரிதாக ஒரு சாவி.

கடிதத்தின் கீழே நீக்கிலாஸ் இரண்டு வரி எழுதியிருந்தார். முரசைக் கொடுத்தால் சாவி வருமா என்று தொலைபேசியில் கேட்டாராம். வருமாம். கஜதீபன் இன்றே முரசுக்கு ஒரு பெட்டி அடிக்க வேண்டுமாம்.

மாமி சிரித்தார். இந்த ஏழு மாதத்தில் முதல் தடவை. பிறகு கண்ணைத் துடைத்தார்.

“இதைக் கேக்க என்ர பிள்ளைக்குக் குடுத்துவைக்கேல்லை. முருகா எண்டு போயிட்டாள்.”

கஜதீபன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சைக்கிள் தொப்பியை எடுத்தான். மணி ஆறு ஐம்பது.

நிரோஜினி கண்ணை மூடிய அன்று பின்னேரம், ஆஸ்பத்திரியில் அவன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். முருகனைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அவள் கண்ணைத் திறந்து கடைசியாகச் சொன்னது வேறு.

“இஞ்சேருங்கோ, மியூசியம் கோட்டைத் திறப்பைக் கேட்டு எழுதினா, நான் எழுதின கடிதத்தையே பேரை மாத்தித் திருப்பி அனுப்பச் சொல்லி அரண்மனைக்கு எழுதிப்போட்டன். அது வாற நேரம் நீங்கள் சிரிச்சுக் காட்டிக்குடுத்திடாதேங்கோ.”