அவள் படிக்காத பக்கம்

"அனுப்பினதை ஒரு தடவையாவது முழுசாப் படிச்சியா?"

கணவன் கேட்டபோது அவள் கண்ணாடி முன்னால் நின்று சேலை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

"மேலோட்டமாப் பார்த்தேங்க. ஏஐ எழுதினதுல என்ன தப்பு வந்துடப் போகுது? நம்மளைவிட நல்லாவே எழுதும்."

"இப்பவாவது உட்கார்ந்து படிச்சிட்டுப் போ."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போற வழியில பார்த்துக்கறேன்."

அவன் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேலை பார்த்த மருந்துக் கிடங்கை இழுத்து மூடியதிலிருந்து அவன் இப்படித்தான். ஆரம்பத்தில் தினமும் சவரம் செய்துகொண்டு வேலை தேடிக் கிளம்பினான். போகப் போகக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, கைபேசியில் பழைய வேலைக் கதைகளை ஏஐயோடு பேசிக்கொண்டிருந்தான். எங்கே விண்ணப்பித்தான், யார் கூப்பிட்டார்கள் என்று எதையும் வாய் திறந்து சொல்வதில்லை. கேட்டால் எரிந்து விழுந்தான். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். சாப்பிடும்போது அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டன.

இனி இவனை நம்பிப் பிரயோசனமில்லை என்று தோன்றிய ஒரு மதியம், அவன் அசந்து தூங்கும்போது அவன் கைபேசியை எடுத்தாள். மருந்துக் கிடங்கில் கண்காணிப்பாளர் வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடு என்று அதே ஏஐயிடம் கேட்டாள். தன்னைப் பற்றிச் சொல்ல அவளிடம் அதிகமில்லை. மருந்துக் கடையில் பில் போட்டிருக்கிறேன் என்று ஒரே வரி சொன்னாள். அது மளமளவென்று ஒரு பக்கம் எழுதித் தள்ளியது. தன் பெயரையும் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஓடி வந்து சொன்னாள். அவன் ஆச்சரியப்படக்கூட இல்லை. "நல்லபடியாப் போயிட்டு வா" என்றான், குரலே எழும்பாமல்.

பொண்டாட்டிக்குக் கிடைத்துவிடுமோ என்று பொறாமை. வேறென்ன?

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. படிக்கவில்லை.

கிடங்கின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது அலுவலக அறை. வெளியே பெட்டிகள் ஏறி இறங்கும் சத்தம். ஸ்வெட்டர் போட்ட பெண் அதிகாரி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"உட்காருங்கம்மா. உங்களோடதை ரெண்டு தடவை படிச்சேன். ஒரு இடம் மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. வெள்ளம் புகுந்த அன்னைக்கு, கரண்ட்டும் இல்லாம, மருந்துப் பெட்டி ஒண்ணுகூட நனையாம மாடிக்கு ஏத்தினீங்களாமே! எப்படிம்மா செஞ்சீங்க?"

அவள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"சொல்லுங்க. எந்தப் பெட்டியை முதல்ல எடுத்தீங்க?"

"மேடம்... அது நான் செஞ்சதில்லை."

"என்னது?"

"ஏஐ எழுதிச்சு மேடம். நான் படிச்சுப் பார்க்காம அனுப்பிட்டேன்."

அதிகாரி தாளைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது.

"வர்றவங்க பாதிப் பேரு இதையேதான் சொல்றீங்க. அதுகிட்ட எழுதி வாங்குங்க, வேண்டாங்கலை. நமக்குக் கோர்வையா வராததை அது அழகா எழுதிக் குடுக்கும். ஆனா மேல இருக்கிறது உங்க பேரும்மா. நாளைக்கு இங்க ஒண்ணுன்னா அதுவா வந்து பதில் சொல்லும்? உங்களை எடுக்க முடியாது. மன்னிச்சுக்கோங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதிகாரி விடவில்லை.

"இதுல பெரிய கொடுமை என்னன்னா, நேத்துக் காலையில இதே நாற்காலியில ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரு. அவர் விண்ணப்பத்திலயும் இதே வெள்ளம், இதே வரி. ஆனா கேட்டதுக்கெல்லாம் பட்பட்டுன்னு பதில். ஊசி மருந்தை முதல்ல எடுத்தேன், மாடிப்படி குறுகல், தோள்ல வச்சு ஒருக்களிச்சு ஏறினேன்னு... கேட்கக் கேட்கப் புல்லரிச்சுது. வேலை இவருக்குத்தான்னு முடிவே பண்ணிட்டேன். அப்பத்தான் எங்க ஆள் உங்களோடதைக் கொண்டு வந்து வச்சாரு. முதல்ல வந்தது உங்களோடது."

"ஐயோ... அவரை என்ன செஞ்சீங்க?"

"அடுத்தவங்க உழைப்பைத் திருட வெட்கமா இல்லையான்னு எல்லார் முன்னாடியும் கேட்டோம். கொதிச்சுப் போய் எழுந்தாரு. உங்க தாளை வெடுக்குன்னு வாங்கிப் பார்த்தாரு. படத்தைப் பார்த்ததும் மனுஷன் அப்படியே அடங்கிட்டாரு. 'ஆமாங்க, நான்தான் திருடினேன். வேலையை இவங்களுக்கே குடுத்துடுங்க'ன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. இனி எங்க கிளை எதுலயும் அவரை வாசப்படி ஏத்த மாட்டாங்க."

அதிகாரி அவளையே உற்றுப் பார்த்தாள்.

"இப்ப நீங்களும் செய்யலைங்கறீங்க. அப்ப அந்தப் பெட்டிகளை யாருதாம்மா தூக்கினது?"

"அவர்தான் மேடம். அவர் போன்ல இருந்த ஏஐகிட்டதான் நான் எழுதி வாங்கினேன்" என்றாள். "என் வீட்டுக்காரர்."