பெரிய மச்சானின் நாக்கு

"உங்க மச்சான் இன்னைக்கு வராம இருந்தா நல்லது," என்றார் வெளியூர் வியாபாரி.

"ஏன், என்ன பண்ணினாரு?" என்று கேட்டார் ஆலைக்காரர்.

"போன தடவை நான் ஒரு மடக்கு குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒம்பது குறை சொன்னாரு."

"மூணுதான் சொன்னாரு."

"எனக்கு ஒம்பது மாதிரி இருந்துச்சு."

கதவுக்கு வெளியே நின்று பெரிய மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு செருமல் செருமிவிட்டு உள்ளே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆலைக்காரர் அவருடைய தங்கை புருஷன். ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு சின்ன டாங்க் வைத்து பீர் காய்ச்ச ஆரம்பித்தவர். இப்போது கூரையை முட்டுகிற மாதிரி புது டாங்க் வந்திருக்கிறது. அதில் காய்ச்சிய முதல் சரக்கு இன்று இறங்க வேண்டும். நகரத்துக் கடைகளுக்கு ஏற்றிப்போக லாரி வாசலில் நிற்கிறது. அங்கே பிடித்துப்போனால் மாதாமாதம் லாரி வரும். தெருவில் இன்னும் பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும்.

ஆலை வளர்ந்தாலும் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. தெருக்காரர் நாலு பேர் குடித்துப் பார்க்காமல் ஒரு சொட்டும் கேட்டைத் தாண்டாது. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அவர் முடிவு செய்வார்.

"நீங்களே குடிச்சுப் பார்த்தா ஆகாதா?" என்று வியாபாரி கேட்டதற்கு, "பெத்தவன் கண்ணுக்கு எந்தப் பிள்ளை அசிங்கமாத் தெரியும்?" என்று முடித்துவிட்டார்.

நாலு பேரில், ஆலைக்குக் குழாய் மாட்டிக் கொடுத்த குழாய்க்காரரைச் சேர்த்தது நியாயம். மருந்துக்கடை அக்காவும் தையல்காரரும் சரி. குறையைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாத பெரிய மச்சானை எதற்குச் சேர்த்தார் என்று தெருவுக்கே புரியவில்லை. தங்கை வாய்க்குப் பயந்துதான் என்பது பெரிய மச்சானின் கணக்கு.

அவருக்கு ஒரு கோபம் இருந்தது. ஆலை திறந்த அன்று மாப்பிள்ளை முதல் கோப்பையைக் குழாய்க்காரர் கையில் கொடுத்தார். பெண் கொடுத்த வீட்டு மூத்தவர், புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றவர், இரண்டாவதாக வாங்கினார். வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது. கேட்டவருக்கும் இதைச் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். அதில் நியாயம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

கோப்பைகள் வந்தன.

"ஜம்முனு இருக்குப்பா," என்றார் குழாய்க்காரர்.

"என்னமா ஒரு வாசனை," என்றார் மருந்துக்கடை அக்கா.

"இன்னொரு கோப்பை ஊத்துனா இன்னும் விவரமாச் சொல்லலாம்," என்றார் தையல்காரர்.

பெரிய மச்சான் ஒரு வாய் குடித்தார். அடித்தொண்டையில் லேசாக வெண்ணெய் வாடை வந்தது. இதற்கு முன்னால் சின்ன டாங்க்கிலும் ஒரு தடவை இப்படி வந்ததுண்டு. அவசரப்பட்டு முன்கூட்டியே இறக்கினால் வருகிற வாடை என்று அன்று மாப்பிள்ளையே சொன்னார். முதல் நாள் வாசனையாகத்தான் இருக்கும். பீப்பாய்க்குள் போனபிறகு நாளுக்கு நாள் முற்றும். குடிக்கிறவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கோப்பையைத் தள்ளிவிடுவான்.

அன்றைக்கு அதைத் தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னவர் பெரிய மச்சான்தான்.

இன்று வாயைத் திறக்கப் போனவர், உதட்டை நக்கிக்கொண்டிருந்த குழாய்க்காரரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். போகட்டும். நகரம் முழுக்கத் துப்பட்டும். மரியாதை தெரியாத மனுஷனுக்கு அப்போதாவது புத்தி வரும்.

"நல்லா இருக்கு, மாப்ளே," என்றார்.

தையல்காரருக்குப் புரை ஏறியது. கதவோரம் நின்ற தங்கை, "ஏண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

"அப்புறம் என்ன? அவரே சொல்லிட்டாரு. பீப்பாயை உருட்டச் சொல்லுங்க," என்று வியாபாரி எழுந்தார்.

ஆலைக்காரர் எழவில்லை.

"லாரி போகட்டுங்க. சரக்கு இன்னைக்கு இறங்காது," என்றார்.

"நாலு பேரும் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?"

"சொன்னாங்க. நீங்க முந்தியே வேணும்னு அவசரப்படுத்துனீங்க, நானும் தலையை ஆட்டிட்டேன். அது என் தப்பு. இன்னும் கொஞ்ச நாள் டாங்க்லயே கிடக்கட்டும்."

"இன்னைக்கு வெறும் லாரியோட போனா, நான் வேற ஆலையைத்தான் பார்ப்பேன்."

"பாருங்க. தெருக்காரங்க கிட்ட நான் பேசிக்கிறேன்."

வியாபாரி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். லாரி காலியாகக் கிளம்பியது. மற்ற மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

பெரிய மச்சானுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றார்.

"எதுக்கு மாப்ளே நிறுத்துனீங்க? நானே நல்லா இருக்குன்னு சொன்னேனே."

ஆலைக்காரர் திரும்பவில்லை. கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"அவங்க மூணு பேரும் என்மேல வச்சிருக்கிற பிரியத்தைக் குடிக்கிறாங்க, மச்சான். வெந்நீரை ஊத்திக் குடுத்தாலும் ஜம்முனு இருக்குன்னுதான் சொல்வாங்க. இந்தத் தெருவுல பீரைக் குடிக்கிறவர் நீங்க ஒருத்தர்தான். நல்ல சரக்குலயே நாலு குறை கண்டுபிடிக்கிற உங்களுக்கு இன்னைக்கு ஒண்ணுகூடக் கிடைக்கலைன்னா, அது என்கிட்ட சொல்ல மனசு வராத குறையாத்தானே இருக்கணும்?"